எல்லாக் கருவியும் வைத்திருக்கும் அக்காவுக்கு என்ன வாங்குவது?

கேள்வி: என் அக்காவுக்கு மரவேலை என்றால் உயிர். வீட்டின் பின்னறையையே பட்டறையாக்கிவிட்டார். அலமாரி, பெட்டி, ஸ்டூல் என்று எதையாவது செய்துகொண்டே இருப்பார். வீட்டில் எது உடைந்தாலும் அவர்தான் சரிசெய்வார். போன பிறந்தநாளுக்கு 120 துண்டுகள் கொண்ட கருவிப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். "நல்லா இருக்குடா" என்றார். ஆனால் அதைத் தொட்டதாகவே தெரியவில்லை. எனக்கோ கருவிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த முறை உருப்படியாக என்ன வாங்கலாம்?

பதில்: முதலில் அந்த 120 துண்டுப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அக்கா மேல் வருத்தம் வேண்டாம். அப்படிப்பட்ட பெட்டிகளில் பாதிக்கு மேல் குட்டிக் குட்டி ஸ்க்ரூடிரைவர் பிட்டுகள்தான் இருக்கும். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட அதுதான் சுலபமான வழி. மலிவான பெட்டி என்றால் அந்தப் பிட்டுகளின் உலோகம் மென்மையாக இருக்கும். இறுகிப்போன ஒரு திருகில் வைத்து அழுத்தித் திருப்பினால் பிட்டின் முனை மழுங்கும், கூடவே திருகின் தலையையும் வழித்துவிடும். அப்புறம் அந்தத் திருகைக் கழற்றுவதே தனி வேலையாகிவிடும். ஒருமுறை அப்படி மாட்டியவர்கள் மறுபடி அந்தப் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். தவிர, அதில் உள்ள சுத்தியல், பிளையர் எல்லாம் அவரிடம் ஏற்கெனவே இருக்கும், அதைவிட நல்லதாகவே இருக்கும்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்குப் பரிசு வாங்குவதில் எனக்கு ஒரே ஒரு கொள்கைதான்: முக்கியமான கருவியை அவர்களே வாங்கட்டும். ஒரு டிரில்லையோ ரம்பத்தையோ வாங்குவதற்கு முன்னால் மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்களுக்கு வேலை இல்லை, விளையாட்டு. அதில் நாம் குறுக்கே போகக் கூடாது. நமக்கு விட்டுவைத்திருக்கும் இடம் வேறு. தேய்ந்து தீர்ந்துபோகும் சாமான்கள், எத்தனை இருந்தாலும் போதாத சாமான்கள், "இருக்கிறதை வைத்தே ஓட்டிக்கலாம்" என்று தனக்கென வாங்கத் தயங்கும் நல்ல தரச் சாமான்கள். இந்த மூன்றுக்குள் நின்றால் பரிசு மூலையில் கிடக்காது.

எது என்று தெரிந்துகொள்ள அக்காவைக் கேட்க வேண்டியதில்லை. அவர் வெளியே போயிருக்கும்போது கைபேசியோடு அந்த அறைக்குள் ஒரு பத்து நிமிடம் போய் வாருங்கள். எதையும் இடம் மாற்றாதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்.

டிரில் பிட் பெட்டியைத் திறந்து பாருங்கள். எந்தக் குழி காலியாக இருக்கிறது? பெரும்பாலும் 2, 3, 4 மில்லிமீட்டர் குழிகள்தான் காலியாக இருக்கும். திருகு போடுமுன் வழித்துளை போட அந்த அளவுகள்தான் ஓயாமல் உழைக்கும், அவைதான் முதலில் ஒடியும். 10 மில்லிமீட்டர் பிட் புதுப் பளபளப்போடு அப்படியே உட்கார்ந்திருக்கும். காலிக் குழிகளின் அளவில் நல்ல பிட்டுகளாக அளவுக்கு ஐந்து வாங்கிக் கொடுத்தால், பார்க்கச் சின்னப் பொட்டலம்தான், ஆனால் மறுநாளே கைக்கு வேலை கொடுக்கும். மரத்துக்கென்றே நடுவில் ஊசிமுனை வைத்த பிட்டுகள் உண்டு. குறித்த புள்ளியில் முனை ஊன்றிக்கொள்வதால் பிட் நகராது, துளையின் விளிம்பும் சிலும்பாது. அவர் சாதாரண உலோகப் பிட்டுகளையே மரத்துக்கும் வைத்து ஓட்டுகிறார் என்றால் இதுவே தனிப் பரிசாகும்.

அடுத்து, ஏதாவது ஒட்டிக் காயவைத்திருக்கிறாரா, அதன் மேல் என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள். செங்கல், பழைய புத்தகக் கட்டு, தண்ணீர் நிரப்பிய வாளி, சைக்கிள் டியூபால் சுற்றிய கட்டு என்று ஏதாவது கண்ணில் பட்டால் தேடியது கிடைத்துவிட்டது: கிளாம்ப், அதாவது பலகைகளை இறுக்கிப் பிடித்து வைக்கும் கருவி. மரவேலை செய்பவர்களிடம் கிளாம்ப் போதும் என்ற பேச்சே கிடையாது. நாலைந்து பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டி ஒரு மேசைப் பலகை செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 15 முதல் 20 சென்டிமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் பிடித்தால்தான் இடுக்கு இல்லாமல் ஒட்டும். ஒரு மீட்டர் நீளத்துக்கே ஐந்தாறு தேவை. மேலே மட்டும் போட்டால் பலகை வில்லாக வளையும் என்பதால் ஒன்றை மேலேயும் அடுத்ததைக் கீழேயும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். பசை தடவிய பிறகு பலகைகளைச் சேர்க்கச் சில நிமிடங்கள்தான் இருக்கும், அந்த நேரத்தில் கிளாம்ப் போதவில்லை என்றால் வரும் பதற்றத்தை அவர் முகத்திலேயே பார்க்கலாம். ஒரு முறை பிடித்துவிட்டால் அரைமணி, ஒருமணி நேரமாவது எடுக்கவும் முடியாது, அதுவரை அடுத்த வேலை நிற்கும்.

கிளாம்ப் வாங்குவதில் ஒரே ஒரு சங்கதியை நினைவில் வையுங்கள். எப்போதும் இரட்டையாக, ஒரே நீளத்தில் வாங்குங்கள். 60 சென்டிமீட்டரில் ஒன்று, 30-ல் ஒன்று என்று கலந்து வாங்கினால் இரண்டுமே தனியாளாக நிற்கும். அவரிடம் ஏற்கெனவே இருக்கும் வகையை அதே நீளத்தில் இன்னும் இரண்டு நான்கு சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம். எஃப் வடிவக் கிளாம்ப் பொதுவாக எல்லாவற்றுக்கும் உதவும். ஒரு கையால் அழுத்தியே இறுக்கும் வகை, தனியாக வேலை செய்பவர்களுக்குப் பெரிய ஆசுவாசம், ஆனால் அதன் பிடி அவ்வளவு பலமாக இருக்காது. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் இரு தாடைகளும் கோணாமல் இணையாக நிற்கும் வகையில் ஒரு ஜோடி வாங்குங்கள். கனமாக இருக்கும், விலையும் கூடுதல். அதனாலேயே பலரும் தனக்கென வாங்குவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

உளிகளையும் பாருங்கள், கூரை மட்டும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கூர் விளிம்பில் ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு பளிச்சென்று தெரிகிறதா? கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது. கோடு தெரிந்தால் உளி மழுங்கியிருக்கிறது. அப்படியானால் இன்னொரு உளி தேவையில்லை, தீட்டும் கல்தான் தேவை. ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 என்று இரட்டைத் தரம் கொண்ட நீர்க்கல் (தண்ணீரில் நனைத்துத் தீட்டும் கல்) ஒன்று போதும், எண் கூடக்கூடக் கல் நயமாக இருக்கும். 1000 பக்கம் கூரை உண்டாக்கும், 6000 பக்கம் அதை மெருகேற்றும். கூடவே உளியை ஒரே கோணத்தில் பிடித்து வைக்கும் சின்ன உருளைச் சட்டம் ஒன்றும் கிடைக்கும். கையாலேயே தீட்டிப் பழகியவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஆனால் 25, 30 டிகிரியைக் கண்ணாலேயே பிடிக்கும் பழக்கம் எல்லோருக்கும் வந்துவிடுவதில்லை. புது உளிகள்கூடக் கடையிலிருந்து முழுக் கூரோடு வருவது அபூர்வம் என்பதால் இந்தக் கல் எந்த நாளும் வீணாகாது.

அளவுக் கருவிகளில் நல்ல தரத்துக்கு மதிப்பு அதிகம். ஆனால் பலரும் கிடைத்ததை வைத்து ஓட்டுவார்கள். மூலை சரியாக 90 டிகிரியா என்று பார்க்கும் மூலைமட்டம் ஒன்று வாங்கினால் கொடுக்குமுன் நீங்களே சோதித்துவிடலாம், கருவி அறிவு எதுவும் வேண்டியதில்லை. நேர் விளிம்புள்ள ஒரு பலகையின் ஓரத்தில் மட்டத்தை அணைத்து வைத்துக் கூர்மையான பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு மட்டத்தைத் திருப்பிப் போட்டு, அதே இடத்தில் தொடங்கி இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் சரியான மட்டம். போகப்போக விலகினால், அந்த விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை. விலகல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். தடிமனையும் விட்டத்தையும் நுணுக்கமாக அளந்து திரையில் காட்டும் டிஜிட்டல் வெர்னியர் காலிப்பரும் நல்ல பரிசுதான். 150 மில்லிமீட்டர் அளவே வீட்டுப் பட்டறைக்குப் போதும். மலிவானவை சிலவற்றில் அணைத்து வைத்தாலும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும், அதனால் இரண்டு பொத்தான் பேட்டரிகளையும் சேர்த்து வையுங்கள்.

மின்கருவி எதையாவது வாங்கித்தான் தீருவேன் என்றால், அவருடைய பேட்டரியைப் படம் எடுங்கள். கம்பியில்லாக் கருவிகள் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் பேட்டரியில்தான் ஓடும். ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொன்றின் கருவியில் பொதுவாகப் பொருந்தாது. அதே நிறுவனத்திலேயே 12 வோல்ட், 18 வோல்ட் என்று தனித்தனி வரிசைகள் இருக்கும், அவையும் ஒன்றுக்கொன்று சேராது. 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ் என்று இரண்டு பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உள்ளே இருப்பது தலா 3.6 வோல்ட் கொண்ட ஐந்து செல்கள், ஆக 18. முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையில் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டைத் தொடுவதால் சிலர் 20 என்று எழுதுகிறார்கள். சக்தி ஒன்றுதான். ஆனால் பொருந்துமா என்பதை வோல்ட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள், படத்தை வைத்து முடிவு செய்யுங்கள். இங்கே பாதுகாப்பான பரிசு, அதே வரிசையில் ஒரு கூடுதல் பேட்டரி. கருவிகள் பெருகும் வேகத்துக்குப் பேட்டரிகள் பெருகாது, இருக்கும் ஒன்றையே கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி வேலை செய்வார்கள்.

ரம்பத் தகடு, ஜிக்சா பிளேடு, ரூட்டர் பிட் மாதிரி சாமான்களில் மட்டும் அவசரப்பட வேண்டாம். வட்ட ரம்பத் தகட்டில் வெளி விட்டம் மட்டும் பார்த்தால் போதாது, நடுத்துளையும் ஒத்துப்போக வேண்டும். ரூட்டர் என்பது மரத்தில் பள்ளமும் விளிம்பு வடிவமும் செதுக்கும் மின்கருவி, அதன் பிட்டின் தண்டு 6 மில்லிமீட்டரிலும் வரும், கால் அங்குலத்திலும் வரும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான். 6 மில்லிமீட்டர் பிட்டைக் கால் அங்குலப் பிடியில் மாட்டினால் இறுக்கம் போதாமல், நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழலும்போது நழுவி வெளியே வரலாம். எழுதியிருக்கும் அளவைப் படம் எடுத்து வராமல் இவற்றை வாங்கவே வேண்டாம்.

காது, மூச்சு விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பரிசாகக் கொடுத்தால் அறிவுரை சொல்வது போல ஆகிவிடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். தயங்காதீர்கள், ஆனால் நல்லதாகக் கொடுங்கள். அமெரிக்காவின் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 85 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடம்தான் மிஞ்சும், வட்ட ரம்பம் அந்த அளவுக்குச் சாதாரணமாகக் கத்தும். பலரும் காதுமூடி வைத்திருந்தும் போடாததற்குக் காரணம், அது மண்டையை இறுக்கும், வியர்க்கும் என்பதுதான். அழுத்தம் குறைவான, மெத்தை மென்மையான ஒன்றாகப் பார்த்து வாங்கினால் போடுவார்.

மரத்தூள் அதைவிடப் பெரிய விஷயம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என உறுதியானவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சீவல் பிரச்சினை இல்லை. உப்புத்தாள் தேய்க்கும்போது எழும் பொடிதான் நுரையீரல் வரை போகும். துணி முகமூடி இதற்கு உதவாது, என்95 அல்லது எஃப்எஃப்பி2 தரத்தில், மூச்சு விடும் வால்வு வைத்த முகமூடிகளாக ஒரு பெட்டி வாங்குங்கள். கையுறை மட்டும் வேண்டாம். டிரில், ரூட்டர், வட்ட ரம்பம் என்று சுழலும் கருவிகளுக்குப் பக்கத்தில் கையுறை ஆபத்து. நூல் சிக்கினால் கையையே உள்ளே இழுத்துவிடும்.

அக்காவிடம் ஆங்கிள் கிரைண்டர் (சுழலும் தகட்டால் வெட்டவும் தேய்க்கவும் உதவும் மின்கருவி) இருந்து, அதற்குத் தகடு வாங்க நினைத்தால், தகட்டின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தைப் பாருங்கள். மாதமும் வருடமும் பொறித்திருக்கும். அது காலாவதி தேதி. உள்ளே இருக்கும் பிசின் நாள்பட்டால் வலுவிழக்கும் என்பதால் தயாரித்ததிலிருந்து 3 ஆண்டுகள் கணக்கு வைக்கிறார்கள். தள்ளுபடியில் மொத்தமாகக் கிடைக்கிறதே என்று அள்ளி வருமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

கருவிப் படம் போட்ட கோப்பை, சுத்தியலும் பிளையரும் கத்தியும் ஒன்றாக மடங்கும் விந்தைக் கருவி, எந்த நட்டுக்கும் பொருந்தும் என்று விற்கும் ஊசிக் குழல், இவற்றையெல்லாம் கடந்து போங்கள். மடங்கும் சுத்தியலால் யாரும் ஆணி அடித்துப் பார்த்ததில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், பட்ஜெட் நடுத்தரம் என்றால், 60 சென்டிமீட்டர் எஃப் கிளாம்ப் நான்கும், காலிக் குழி அளவு டிரில் பிட்டுகளும், ஒரு பெட்டி முகமூடியும் வாங்குவேன். செங்கல்லும் வாளியும் கண்ணில் படவில்லை, கிளாம்ப் ஏற்கெனவே சுவர் நிறையத் தொங்குகிறது என்றால் நீர்க்கல். நீர்க்கல்லும் இருந்துவிட்டால் ஒரு கூடுதல் பேட்டரி. எதை வாங்கினாலும் பில்லைக் கிழித்துப் போடாமல் விலையை மட்டும் மறைத்து உள்ளேயே வையுங்கள், உறையைப் பிரிக்காமல் மாற்றிக்கொள்ள எத்தனை நாள் அவகாசம் என்றும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த 120 துண்டுப் பெட்டியையும் அக்காவிடம் கேட்டு வாங்கி உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். கதவுத் தாழ்ப்பாளில் லூசான திருகை இறுக்க அது தாராளமாகப் போதும்.