கோட்டாறில் அடுக்களையோடு ஒரு வீடு

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை. நான்கு நாள் நாகர்கோவில் வருகிறோம். கோட்டாறு பக்கம் சமைத்துச் சாப்பிடும் வசதியுள்ள அபார்ட்மெண்ட் எடுக்கலாமா, லாட்ஜே மேலா?
– வாசகி, திருச்சி

பதில்: அபார்ட்மெண்டே எடுங்கள். ஆனால் முன்பணம் அனுப்புமுன் அடுக்களையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போன வருடம் என் மைனி குடும்பத்தை அப்படி ஒரு வீட்டில் தங்கவைத்தேன். அடுப்பு, பிரிட்ஜ் எல்லாம் பளபளவென்று இருந்தன. குக்கருக்கு மட்டும் கேஸ்கெட் இல்லை! சிவப்பரிசிக் கஞ்சி வேக ராத்திரி ஒன்பதரை ஆகிவிட்டது. மூன்றாம் நாள் சிலிண்டரும் தீர்ந்தது. உரிமையாளர் போனை எடுக்கவே இல்லை. அதனால் மாற்று சிலிண்டர் உண்டா என்று கேட்டுவிடுங்கள். நல்ல கத்தி ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள்.

காய்கறிக்கு வடசேரி கனகமூலம் சந்தை, காலையிலேயே போய்விடுங்கள். மரச்சீனிக் கிழங்கை (உங்கள் ஊர் மரவள்ளிதான்) அம்மாவிடம் காட்டாதீர்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மட்டி வாழைப்பழமும் அவருக்கு அளவோடுதான்.

கோட்டாறு பழைய வணிக ஊர், தெருக்கள் குறுகல். காரை எங்கே நிறுத்துவது என்றும் விசாரியுங்கள். 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் கல்லறை கோட்டாறு சவேரியார் பேராலயத்தில்தான் இருக்கிறது. சுசீந்திரம் கோயிலும் பக்கம்தான். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை. அன்றைக்குத் துணி துவைத்துக்கொள்ளுங்கள்.