‘ஷான்சோன்’ – தமிழில் எப்படிப் போடலாம்?

மொழிபெயர்க்கும் கட்டுரையில் ‘ஷான்சோன்’ என்ற பிரெஞ்சுச் சொல் வருகிறது, அகராதியில் ‘பாட்டு’ என்று மட்டும் இருக்கிறது, ‘காபரே பாட்டு’ என்று போடலாமா எனக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நமக்குக் காபரே என்றதும் பழைய சினிமா கிளப் டான்ஸ்தான் ஞாபகம் வரும்.

அகராதி சொல்வது தப்பில்லை. பிரெஞ்சில் எந்தப் பாட்டும் ஷான்சோன்தான். ஆனால் உங்கள் கட்டுரை பேசுவது பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் 1881இல் திறந்த ‘ஷா நுவார்’ (கருப்புப் பூனை) என்ற, குடித்தபடி பாட்டுக் கேட்கும் கேளிக்கை விடுதியைப் பற்றி. அங்கே வரிகள்தான் ராஜா, மெட்டு வெறும் மந்திரி. அது இடம் மாறியபின் 1885இல் அதே கட்டடத்தில் பாடகர் அரிஸ்தித் புருவான் தன் விடுதியைத் திறந்தார். கொச்சைத் தெருப்பேச்சில் ஏழைகளையும் விலைமாதரையும் பாடினார். வருகிறவர்களைத் திட்டியே வரவேற்பார். அந்தத் திட்டை வாங்கவே பணக்காரர்கள் வந்தார்கள்! ஓவியர் துலூஸ் லோத்ரெக்கின் சுவரொட்டியில் சிவப்புத் துண்டோடு நிற்பவர் இவர்தான்.

அதனால் முதல் இடத்தில் ‘ஷான்சோன் என்னும் விடுதிப் பாட்டு’, அப்புறம் வெறும் ‘ஷான்சோன்’. பாடகி எதித் பியாஃப் வரும் பத்தியில் ‘ஷான்சோன் ரியலிஸ்த்’ என்றிருந்தால், அடித்தட்டு வாழ்க்கையின் துயரப் பாட்டு என்று ஒரு வரி சேருங்கள்.