அரசர் இருக்கும் நாட்டில் பிரதமரை அமர்த்துவதும் அகற்றுவதும் யார்?

தம்பி, வேலை விசாவில் இலண்டனுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருக்கும் நீங்கள் என்னிடம் இரண்டு விடயங்களைக் கேட்டிருந்தீர்கள். பொதுத்தேர்தல் எதுவும் நடக்காமலே இந்த நாட்டில் பிரதமர் மாறிவிடுவது எப்படி என்பது முதலாவது. 2018 ஒக்டோபரில் இலங்கை ஜனாதிபதி ஒரே மாலையில் பிரதமரை நீக்கிவிட்டு இன்னொருவருக்குப் பதவிப்பிரமாணம் செய்துவைத்ததைக் கண்டவர் நீங்கள். இங்குள்ள அரசரும் ஒருநாள் அப்படிச் செய்வாரோ, செய்தால் விசாவில் இருப்பவர்களின் நிலை என்னவாகும் என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. நீண்ட காலமாக இங்கே குடியிருப்பவன் என்ற முறையில் இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். பிரித்தானியப் பிரதமரை நியமிப்பவர் அரசர் என்றாலும், அந்தப் பிரதமரின் அதிகாரம் பாராளுமன்றத்தில் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்களின் அவையான பொதுச்சபை அவர்மீது வைத்திருக்கும் நம்பிக்கையில்தான் தங்கியிருக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம். அரசர் ஒருவர் தமது விருப்பப்படி பிரதமரை நீக்கிய கடைசிச் சம்பவம் 1834 நவம்பரில் நடந்தது. நான்காம் வில்லியம், மெல்போர்ன் பிரபுவின் அரசாங்கத்தை அகற்றிவிட்டு, ரொபேர்ட் பீலை ஆட்சி அமைக்க அழைத்தார். 1835 ஜனவரியில் தேர்தலும் நடந்தது. பீலின் கட்சிக்கு ஆசனங்கள் கூடினவே தவிர, பெரும்பான்மை கிடைக்கவில்லை. பொதுச்சபையில் அடுத்தடுத்துத் தோல்வி கண்ட பீல் ஏப்ரல் மாதத்தில் பதவி விலக, தாம் அனுப்பிவைத்த அதே மெல்போர்னையே அரசர் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு எந்த அரசரும் அரசியும் இதைச் செய்து பார்க்கவில்லை. கொழும்பில் நீங்கள் கண்ட 51 நாள் குழப்பமும் ஏறத்தாழ இப்படித்தான் முடிந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். நியமிக்கப்பட்டவருக்குப் பாராளுமன்றப் பெரும்பான்மை இருக்கவில்லை, நீதிமன்றமும் தலையிட்டது, டிசெம்பரில் பழைய பிரதமரே திரும்பி வந்தார். பிரித்தானியா இந்தப் பாடத்தை ஏறக்குறைய 190 ஆண்டுகளுக்கு முன்னரே படித்து முடித்துவிட்டது என்பதுதான் வித்தியாசம்.

இந்த நாட்டுக்கு ஒரே ஆவணமாக எழுதிவைத்த அரசியலமைப்பு இல்லை. ஆகவே பிரதமர் என்ற பதவியும் ஒருநாள் உட்கார்ந்து எழுதி உருவாக்கப்பட்டதல்ல. 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், பாராளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அரசர் வரி அறவிட முடியாது என்று உறுதிசெய்தது. அன்றிலிருந்து, பொதுச்சபையைப் பணத்துக்குச் சம்மதிக்க வைக்கக்கூடிய ஒருவர் அரசருக்குக் கட்டாயம் தேவைப்பட்டார். 1714இல் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்து முடிசூடிய முதலாம் ஜோர்ஜ் ஆங்கிலத்தில் தேர்ச்சி இல்லாதவர். சில ஆண்டுகளில் அமைச்சரவைக் கூட்டங்களுக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார். அந்த வெற்றிடத்தில் வளர்ந்தவர்தான் 1721இல் திறைசேரியின் தலைமைப் பதவியை ஏற்ற ரொபேர்ட் வால்போல். வரலாற்றாசிரியர்கள் அவரையே முதலாவது பிரதமராகக் கணக்கிடுகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்த இடத்தில் இருந்தார். என் பார்வையில் அவர் ஆண்ட விதத்தைவிட அவர் போன விதமே முக்கியமானது. 1742இல் அரசரின் ஆதரவு அவருக்கு இருந்தது. பொதுச்சபையில்தான் அவருடைய பிடி தளர்ந்திருந்தது. அவர் விலகினார். அரசர் விரும்பியும் ஒரு பிரதமரால் நிலைக்க முடியவில்லை என்பது அன்றே வெளிப்பட்டுவிட்டது.

டவுனிங் தெருவின் பத்தாம் இலக்க வீட்டை இரண்டாம் ஜோர்ஜ் தமக்கு அன்பளிப்பாகத் தந்தபோது, வால்போல் அதைத் தம் சொந்தச் சொத்தாக ஏற்காமல் பதவிக்குரிய வீடாகவே ஏற்றுக்கொண்டார். தொலைக்காட்சியில் நீங்கள் அடிக்கடி காணும் அந்தக் கறுப்புக் கதவின் கடிதத் துவாரத்தில் ‘திறைசேரியின் முதற் பிரபு’ என்ற பெயர்தான் இன்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிரதமர் என்ற சொல் அங்கே இல்லை. பாராளுமன்றச் சட்டமொன்றில் பிரதமர் என்ற பதவி முதன்முதலாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டதே 1917இல்தான். செக்கர்ஸ் என்னும் நாட்டுப்புற மாளிகையைப் பிரதமரின் ஓய்விடமாக ஒதுக்கிய சட்டம் அது. இரண்டு நூற்றாண்டுகளாகச் சட்டத்தில் பெயர்கூட இல்லாத ஒரு பதவி, நாட்டின் முதற் பதவியாக இயங்கி வந்திருக்கிறது.

இனி, தேர்தல் இல்லாமல் பிரதமர் மாறுவது பற்றி எழுதுகிறேன். ஜனாதிபதித் தேர்தலுக்குப் பழகிய நமக்கு இதுதான் அதிகம் குழப்பம் தருகிறது. பொதுத்தேர்தலில் இங்குள்ள மக்கள் பிரதமரைத் தெரிவுசெய்வதில்லை. 650 தொகுதிகளிலும் தத்தமது உறுப்பினரை மட்டுமே தெரிவுசெய்கிறார்கள். 2024 ஜூலை 4ஆம் திகதி நடந்த பொதுத்தேர்தலில் வென்று பிரதமரான கியர் ஸ்டார்மரின் பெயர் வாக்குச்சீட்டில் இருந்தது ஹோல்போர்ன் அன்ட் சென் பாங்க்ரஸ் என்ற ஒரே தொகுதியில்தான். அதே இரவில், பதவியிலிருந்த பிரதமர் ரிஷி சுனக், தமது தொகுதியின் முடிவைக் கேட்பதற்காக மற்ற வேட்பாளர்களோடு மேடையில் வரிசையாக நின்றார். தலையில் குப்பைத் தொட்டி வடிவிலான கவசம் அணிந்த ஒரு வேட்பாளரும் அந்த மேடையில் நின்றார். இந்த நாட்டு அரசியலில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான். நாட்டையே ஆண்டாலும், ஒரு தொகுதி மக்கள் தம்மைத் தெரிவுசெய்தார்களா என்பதை ஒருவர் மற்ற எல்லோரோடும் சேர்ந்து நின்றே கேட்டறிய வேண்டும்.

தெரிவான உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் யாருக்குப் பின்னால் நிற்கிறார்களோ அவரே பிரதமர். அவர்கள் விலகிவிட்டால், ஐந்தாண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1940 மே மாதத்தில் நெவில் சேம்பர்லேன் பொதுச்சபை வாக்கெடுப்பில் 81 வாக்குகளால் வென்றார். ஆனால் அவருடைய வழமையான பெரும்பான்மை 200ஐத் தாண்டியது. சொந்தக் கட்சியினரே இத்தனை பேர் கைவிட்டதைக் கண்ட அவர் இரண்டே நாளில் விலக, சேர்ச்சில் பிரதமரானார். 1979 மார்ச்சில் ஜேம்ஸ் கலஹனின் அரசாங்கம் நம்பிக்கையில்லாப் பிரேரணையில் 311க்கு 310 என்று ஒரேயொரு வாக்கால் கவிழ்ந்தது. மூன்று பொதுத்தேர்தல்களை வென்ற மார்கரெட் தட்சரை 1990இல் அனுப்பிவைத்தவர்கள் எதிர்க்கட்சியினர் அல்லர், அவருடைய கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்களே.

2022இல் நடந்ததை நானே இங்கிருந்து பார்த்தேன். லிஸ் டிரஸ் அரசாங்கம் செப்டெம்பர் 23ஆம் திகதி, பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லாமல் பெரும் வரிக்குறைப்பை அறிவித்தது. பவுணின் பெறுமதி விழுந்தது. வீட்டுக் கடன் வட்டி ஏறியது. பல வங்கிகள் தமது கடன் திட்டங்களை ஒரே நாளில் மீளப் பெற்றுக்கொண்டன. அந்த வாரங்களில் கோயில் மண்டபத்தில் சந்தித்த நம்மவர்கள் எல்லோரும் பேசிய ஒரே விடயம், தங்களுடைய நிலையான வட்டிக் காலம் எந்த மாதத்தில் முடிகிறது என்பதுதான். உறுப்பினர்களின் நம்பிக்கை போனதும் டிரஸ் 49 நாட்களில் பதவியிழந்தார். ரிஷி சுனக்கைத் தவிர வேறு எவரும் போதிய ஆதரவு திரட்ட முடியாததால், ஒக்டோபர் 25ஆம் திகதி அவர் பிரதமரானார். போரிஸ் ஜோன்சன், டிரஸ், சுனக் என ஓராண்டில் மூன்று பிரதமர்கள் இருந்தார்கள். பொதுத்தேர்தல் ஒன்றுகூட நடக்கவில்லை. தெருவில் ஒரு இராணுவச் சிப்பாயையும் நான் காணவில்லை. ஊரில் ஊரடங்குச் சட்டத்தோடு வளர்ந்த என்னைப் போன்றவனுக்கு அந்த அமைதி எவ்வளவு பெரிய விடயம் என்பது உங்களுக்கும் விளங்கும்.

அப்படியானால் அரசரின் வேலை என்ன என்று கேட்பீர்கள். பெரும்பான்மை உள்ளவரை அழைத்து நியமிப்பது அவருடைய கடமை. தமக்குப் பிடித்தவரைத் தேடுவது அவருடைய வேலையல்ல. 2022 செப்டெம்பர் 6ஆம் திகதி பால்மோரல் மாளிகையில், கைத்தடியை ஊன்றியபடி இரண்டாம் எலிசபெத் அரசியார் டிரஸ்ஸின் கையைப் பற்றி வரவேற்ற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாட்களில் அரசியார் காலமானார். 1874இல் பிறந்த சேர்ச்சில் தொடங்கி 1975இல் பிறந்த டிரஸ் வரை 15 பிரித்தானியப் பிரதமர்கள் அவருடைய காலத்தில் இருந்தார்கள். அவர்களில் யாருக்கு அவர் வாக்களித்திருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. பிரதமர் வாரந்தோறும் அரசரைத் தனியாகச் சந்திக்கிறார். அங்கே குறிப்பெடுப்பவர் எவரும் இல்லை. அரசர் கேட்கலாம், ஊக்கம் கொடுக்கலாம், எச்சரிக்கலாம். அதற்குப் பிறகு முடிவு பிரதமருடையது. பாராளுமன்றம் தொடங்கும்போது அரசர் முடி தரித்துச் சிம்மாசனத்தில் அமர்ந்து ‘எனது அரசாங்கம்’ என்று வாசிக்கிறாரே, அந்த உரை முழுவதும் அரசாங்கம் எழுதிக் கொடுத்தது. 1972வரை இலங்கையும் இதே முடியின்கீழ்த்தான் இருந்தது. அன்று முடியின் பிரதிநிதியான மகாதேசாதிபதி வாசித்த சிம்மாசனப் பிரசங்கத்தை உங்கள் தாத்தா வானொலியில் கேட்டிருக்கக்கூடும்.

இலங்கையைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த முறையை நான் மதிக்கிறேன், ஆனால் அது தானாக யாரையும் காப்பாற்றும் என்று நம்பவில்லை. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டமும், முடியின்கீழ் இருந்த ஒரு பாராளுமன்றத்தில், பிரதமரின் பெரும்பான்மையால் நிறைவேறியவை. முடி அவற்றைத் தடுக்கவில்லை. இங்கும் அரசர் எங்களுக்குக் கேடயமாக மாட்டார். 2019இல் பாராளுமன்றத்தை ஐந்து வாரம் ஒத்திவைக்குமாறு அப்போதைய பிரதமர் போரிஸ் ஜோன்சன் அரசியாருக்கு வழங்கிய ஆலோசனை சட்டவிரோதமானது என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த ஆலோசனையை அரசியார் மறுக்கவில்லை, மறுப்பது அவருடைய இடமும் அல்ல. பிரதமரைத் தடுத்தது நீதிமன்றம்தான்.

உங்கள் விசாவைப் பற்றிய கவலைக்கும் இதுவே பதில். அரசர் பிரதமரை நீக்குவதால் உங்களுக்கு ஆபத்து வரப்போவதில்லை. பெரும்பான்மையுள்ள ஒரு பிரதமரின் அரசாங்கம் குடிவரவு விதிகளை மிக விரைவாக மாற்றிவிட முடியும் என்பதே நீங்கள் கவனிக்க வேண்டிய விடயம். 2024 மார்ச் 11ஆம் திகதியிலிருந்து பராமரிப்பு ஊழியர்கள் புதிதாகத் தங்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்றானது. அடுத்த மாதமே திறன்சார் வேலை விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 26,200 பவுணிலிருந்து 38,700 பவுணாக உயர்ந்தது. இதற்கெல்லாம் நீண்ட விவாதத்துக்குள்ளாகும் தனிச் சட்டம் தேவைப்படவில்லை. திருத்தப்பட்ட விதிகளைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிப்பதே போதுமாயிருந்தது.

ஆகவேதான் உங்கள் தொகுதி உறுப்பினரை நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். நீங்கள் பிரித்தானியப் பிரஜை இல்லாவிட்டாலும் அவர் உங்களுக்கும் உறுப்பினர்தான். என் உறவினர் ஒருவரின் விண்ணப்பம் ஒரு திணைக்களத்தில் அசையாமல் கிடந்தபோது, எங்கள் உறுப்பினர் நூலக அறையொன்றில் நடத்திய மக்கள் சந்திப்புக்குப் போனோம். பிளாஸ்டிக் கதிரைகளில் எங்களோடு காத்திருந்தவர்கள் வீட்டுச் சுவரில் ஈரம் ஊறுவதற்கும் பிள்ளையின் பாடசாலை அனுமதிக்கும் உதவி தேடி வந்தவர்கள். உறுப்பினர் கோப்பு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். அவருடைய அலுவலகம் எழுதிய கடிதத்துக்குப் பிறகு பதில் வந்தது. அவரைப் போன்றவர்களின் ஆதரவில்தான் பிரதமர் தங்கியிருக்கிறார். அதே 2024 தேர்தலில், ஈழத்திலிருந்து போரினால் இடம்பெயர்ந்த பெற்றோரின் மகளான உமா குமாரன் ஸ்ட்ராட்ஃபோர்ட் அன்ட் போ தொகுதியில் தெரிவாகி, பிரித்தானியப் பாராளுமன்றத்தின் முதலாவது தமிழ் உறுப்பினரானார் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத முக்கியமான விடயத்தை இறுதியாகச் சொல்கிறேன். இலங்கை பொதுநலவாய நாடு என்பதால், செல்லுபடியான விசாவோடு இங்கே வசிக்கும் இலங்கைப் பிரஜையான உங்களுக்குப் பொதுத்தேர்தலில் வாக்களிக்கும் உரிமை உண்டு. இந்தியாவிலிருந்து வந்த நண்பர்களுக்கும் உண்டு. பிரஜாவுரிமை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இங்கு வேலை செய்வோருக்கு வழங்கப்படும் நாஷனல் இன்சூரன்ஸ் இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரசாங்க இணையத்தளத்தில் சில நிமிடங்களில் பதிவு செய்யலாம். வாக்குச்சாவடியில் படத்துடன் கூடிய அடையாள ஆவணம் கேட்பார்கள். அதற்கு இலங்கைக் கடவுச்சீட்டு செல்லும். தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்னர் பதிவு மூடப்பட்டுவிடும் என்பதால், தேர்தல் அறிவிக்கட்டும் என்று இருந்துவிட வேண்டாம். வீட்டில் யார் யார் வாக்காளர் என்று கேட்டு உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலிலிருந்து ஆண்டுக்கொரு கடிதம் வரும். வீட்டுக்காரர் அதை விளம்பரத் தாள்களோடு சேர்த்து எறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் உங்கள் பெயரும் இருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள்.