திருவிழாக் கடைகளில் தின்று வளர்ந்தவரால் நட்சத்திர விடுதி விருந்தை உண்மையில் ரசிக்க முடியுமா, அல்லது அது வெறும் பந்தாதானா?

முடியும். நான் ரசித்திருக்கிறேன், முதல் முறை அல்ல, இரண்டாம் முறை. கேள்வியில் "பந்தா" என்ற சொல் இல்லாமல் இருந்திருந்தால் இந்த ஒரு வரியோடு நிறுத்தியிருப்பேன். என் தம்பியே அந்தச் சொல்லை என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறான் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் கேள்வியைப் பார்த்தால், யாரோ உங்களை அப்படி ஓர் இடத்துக்கு அழைத்திருக்கிறார்கள் என்றும், போகக் கூச்சமாக இருப்பதால், அது போகத் தேவையில்லாத இடம் என்று நாலு பேர் சொல்லிவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்றும் தோன்றுகிறது. தவறாக இருந்தால் மன்னிக்கவும். நானும் அப்படி நினைத்தவன்தான்.

என் அம்மாவின் ஊர் கவுந்தப்பாடி. ஆடி மாதம் பிறந்துவிட்டால், அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில் திருவிழாவும் அதையொட்டிக் கூடும் குதிரைச் சந்தை, மாட்டுச் சந்தையும்தான் எங்கள் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, ஒரே பேச்சு. காங்கேயம் காளைகளும், பர்கூர் மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வரும் செந்நிறத்தில் வெள்ளைத் திட்டு விழுந்த மாடுகளும் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். வாங்குகிறாரோ இல்லையோ, ஒவ்வொரு மாட்டின் பல்லையும் சுழியையும் பார்க்காமல் அவர் திரும்ப மாட்டார். நான் போனது தின்பதற்காக. ஆனால் அப்புச்சியிடம் ஒரு சட்டம் இருந்தது: "சந்தைய முழுசா ஒரு சுத்துச் சுத்தீட்டுத்தான் கண்ணு வாயில வெக்கோணும்." ஆடிக் காற்றில் புழுதி கண்ணில் விழ, வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் அவர் பின்னால் நடந்த பிறகுதான் மிளகாய் பஜ்ஜிக் கடையின் பக்கம் போக முடியும். அப்போது அது கொடுமையாகத் தெரிந்தது. ஒவ்வொரு கடையிலும் என்ன இருக்கிறது, எதன் வாசனை எப்படி, எங்கே கூட்டம் நிற்கிறது என்று கணக்குப் பார்த்துவைத்து, கடைசியில் கையில் இருக்கும் காசுக்கு எதை வாங்குவது என்று முடிவு செய்யும் பழக்கம் எனக்கு அந்த நடையில்தான் வந்தது.

எப்போதும் முடிவு டெல்லி அப்பளம்தான். அகலமான இரும்புச் சட்டியில் எண்ணெய் கொதிக்க, கடைக்காரர் இரண்டு கம்பிகளால் அப்பளத்தை அமுக்கித் திருப்பி எடுத்து, மிளகாய்ப் பொடியைத் தூவிக் கொடுப்பார். என் முகத்தைவிடப் பெரியதாக இருக்கும். அதற்கும் டெல்லிக்கும் என்ன தொடர்பு என்று அன்றைக்கு யாரும் கேட்டதில்லை. ஓர் ஆண்டு, 1989 என்று நினைவு, வீட்டில் இருந்த அம்மிச்சிக்கும் ஒன்று வேண்டும் என்று அடம் பிடித்து வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, ஆப்பக்கூடல் வழியாக வரும் பேருந்தின் நெரிசலில் இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். உடையாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். ஆனால் தாளைப் பிரித்தபோது அது ஈரத் துணிபோல மடிந்து கிடந்தது.

பொரித்த அப்பளத்தில் ஈரம் ஏறக்குறைய முழுவதும் ஆவியாகப் போயிருக்கும். வெளியே எடுத்த நொடியிலிருந்து காற்றின் ஈரத்தை அது குடித்துக்கொண்டே இருக்கும். மடித்த தாளுக்குள் சூட்டோடு வைத்தால் கேட்கவே வேண்டாம். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு அப்புச்சி சொன்னது இவ்வளவுதான்: "இதெல்லாம் அங்கயே நின்னு திங்கறதுக்கு ஆனது கண்ணு, கட்டீட்டு வர்றதுக்கு ஆனதில்ல." நான் அழுத அழுகையைப் பார்த்து அம்மிச்சி அந்த அப்பளத்தைப் பிய்த்து மோர்ச்சோற்றில் போட்டுக்கொண்டு, "நமுத்துப் போனா என்ன சாமி, எனக்குப் பல்லா இருக்குது, இதுதான் வாட்டம்" என்று தின்றார்.

இனி உங்கள் கேள்வியின் மறுபாதி.

நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். 2014-இல் எங்களிடம் ஆடை வாங்க ஐரோப்பாவிலிருந்து வந்த பையர் ஒருவருக்காக எங்கள் முதலாளி கோயம்புத்தூர் அவினாசி சாலையில் ஒரு நட்சத்திர விடுதியில் ஏற்பாடு செய்த விருந்துக்கு என்னையும் அழைத்துப் போனார். கத்தி, கரண்டி, முள் பற்றிய பயத்தைப் பெரிதாகச் சொல்லப் போவதில்லை. தட்டின் ஓரத்தில் அடுக்கியிருப்பவற்றில் வெளியிலிருப்பதை முதலில் எடுத்து உள்நோக்கிப் போக வேண்டும் என்பது ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். நான் தோற்றது ரொட்டியிடம். உட்கார்ந்தவுடன் சூடான ரொட்டிகளையும் ஒரு கிண்ணம் வெண்ணெயையும் கொண்டுவந்து வைத்தார்கள். ஊத்துக்குளி வெண்ணெய் தின்று வளர்ந்தவன் முன்னால் வெண்ணெயை வைத்தால் என்ன ஆகும்? மூன்று ரொட்டிகளை முடித்தேன். ஒன்றன்பின் ஒன்றாக ஏழு தட்டுகள் வரும் விருந்தில் நான்காவது தட்டு வரும்போது வயிறு நிரம்பிவிட்டது. ஐந்தாவதையும் ஆறாவதையும் மரியாதைக்காக விழுங்கினேன். வீட்டுக்கு வந்து, "பெரிய தட்டில் சின்னச் சின்னதாக வைத்து ஏமாற்றுகிறார்கள்" என்று எல்லோரும் சொல்லும் அதே வாக்கியத்தை நானும் சொன்னேன். வயிறு வெடிக்க இருந்தவன் அளவு குறைவு என்று குற்றம் சொன்னேன் என்பதைக் கவனியுங்கள்.

நம் வாழை இலையில் உட்கார்ந்தால் பொரியலும் கூட்டும் ஒப்புட்டும் தொடக்கத்திலேயே கண் முன்னால் இருக்கும். எதற்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று முதல் கவளத்திலேயே முடிவு செய்துவிடலாம். ஐரோப்பாவின் பழைய பெருவிருந்துகளிலும் ஏறக்குறைய அப்படித்தான் பல பண்டங்களை ஒரே நேரத்தில் மேசையில் பரப்பி வைத்தார்கள். ஒன்றை உண்டு முடித்த பிறகு அடுத்ததைக் கொண்டுவரும் முறை ரஷ்யப் பாணி என்ற பெயரோடு 19-ஆம் நூற்றாண்டில்தான் அங்கே பரவியது. தட்டு அடுப்பிலிருந்து நேராகச் சூட்டோடு வரும் என்பது அதன் பெரிய இலாபம். அடுத்து வருவது தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அதன் விலை. சந்தையைச் சுற்றிப் பார்க்காமல் முதல் கடையிலேயே காசைக் கரைத்தவன் நிலைமைதான் அன்றைக்கு எனக்கு.

இரண்டாம் முறை 2023-இல், எங்கள் திருமண நாளுக்கு, என் சொந்தப் பணத்தில். வெளியூரிலிருந்து வந்த ஒரு சமையல் கலைஞர் மூன்று இரவுகள் மட்டும் நடத்திய விருந்து. ஆளுக்கு 4,500 ரூபாய். மதியம் ஒரு கிண்ணம் மோர்ச்சோற்றோடு நிறுத்திக்கொண்டு, மாலையில் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் நானும் மனைவியும் இரண்டு சுற்று நடந்த பிறகே உள்ளே போனோம். ரொட்டியைத் தொடவில்லை.

மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து வேகவிட்ட வெள்ளாட்டுக் கறி நன்றாக இருந்தது என்பதோடு அதை விடுகிறேன்; நல்ல வெள்ளாட்டுக் கறி கொங்கு நாட்டில் புதுமை அல்ல. என்னை நிறுத்தியது மூன்றாவது தட்டு. சிறு கரண்டி ஒன்றில் மாங்காய்ச் சாற்று முத்துகள், மேலே பொரித்த கறிவேப்பிலை ஒன்று. மனைவி பார்த்தவுடன், "ஏனுங்க, ஜவ்வரிசியாட்டவே இருக்குதுங்க" என்றாள். வாயில் வைத்ததும் முத்து உடைந்து உப்பும் மிளகாயும் சேர்ந்த மாங்காய்ச் சாறு நாக்கு முழுக்கப் பரவியது. திருவிழாவில் கீறி மிளகாய்ப் பொடி தடவிக் கொடுக்கும் மாங்காயின் சுவை அது. எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது.

பரிமாறியவரிடம் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டேன். அவர் உள்ளே போய்ச் சமையல் கலைஞரையே அழைத்து வந்துவிட்டார். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற பொருளைச் சாற்றில் கலந்து, கால்சியம் உப்புக் கரைசலில் துளித்துளியாக விட்டால், துளியைச் சுற்றி மெல்லிய தோல் கட்டிவிடுமாம். உள்ளே சாறு சாறாகவே இருக்கும். ஸ்பெயினில் 2011 வரை நடந்த எல் புல்லி என்ற உணவகத்தின் ஃபெரான் அத்ரியா இதை உலகறியச் செய்தவர். நம் சேலத்து ஜவ்வரிசி மரவள்ளி மாவை உருட்டி வறுப்பது; கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு.

மகளுக்கும் அம்மாவுக்கும் கொஞ்சம் பார்சல் கிடைக்குமா என்று மனைவி கேட்டாள். நான் நெளிந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சமையல் கலைஞர் சிரிக்காமல், முகம் சுளிக்காமல், முடியாது என்பதற்குக் காரணம் சொன்னார்: கரைசலிலிருந்து எடுத்துக் கழுவிய பிறகும் தோல் உள்நோக்கித் தடித்துக்கொண்டே போகுமாம், நீங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் உள்ளே சாறு இருக்காது, வெறும் கட்டியாக இருக்கும் என்றார். அதனால்தான் நீங்கள் உட்கார்ந்த பிறகு துளி விடுகிறோம் என்றும் சொன்னார்.

அப்புச்சி சொன்னதை ஒரு வெளியூர்க்காரர் சமையல்கட்டு உடையில் வந்து சொல்லிக்கொண்டிருந்தார். பிரியாணியையும் அரிசிம்பருப்புச் சோற்றையும் பொட்டலமாகக் கட்டி எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம்; செய்தவர் முன்னால், செய்த நிமிடத்தில் தின்றாக வேண்டிய பண்டங்கள் எனக்குத் தெரிந்து இந்த இரண்டு இடங்களில்தான் அதிகம். ஒன்றை ரசிக்கத் தெரிந்த நாக்குக்கு மற்றதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

விருந்தைப் பற்றிக் குறை இல்லை. ரசீதைப் பற்றி உண்டு. இருவருக்கும் விருந்து 9,000 ரூபாய். அதோடு சேவைக் கட்டணம் என்று 10 விழுக்காடு, 900 ரூபாய். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள விடுதியின் உணவகம் என்பதால் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு. சாதாரண உணவகமாக இருந்தால் 5 தான். அந்த 18 விழுக்காட்டைச் சேவைக் கட்டணத்தையும் சேர்த்த 9,900 ரூபாய்க்குப் போட்டு, மொத்தம் 11,682 ரூபாய். வரி அரசாங்கத்துக்குப் போகிறது, சரி. சேவைக் கட்டணத்தைக் கேட்காமலே ரசீதில் ஏற்றக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. அதை எடுத்துச் சொன்னபோது, வழக்கு நடக்கிறது, இது நிர்வாகத்தின் முடிவு என்று மேலாளர் புன்னகையோடு பதில் சொன்னார். உணவகச் சங்கங்கள் தொடுத்த அந்த வழக்கில் 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. என் 900 ரூபாய் போனது போனதுதான். பரிமாறிய பையனுக்கு நான் தனியாகக் கையில் கொடுத்தது வேறு. திருமண நாளில் மனைவி முன்னால் 900 ரூபாய்க்குச் சண்டை போடுபவனாகத் தெரிய வேண்டாம் என்று நான் பணிந்துபோவேன் என்பதை அவர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

காசு இருப்பவன் பேச்சு என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பணம் ஆறு மாதம் எடுத்துவைத்தது. தவிர, போன ஆடியில் அந்தியூரில் நாங்கள் நால்வர் தின்றதற்கே ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது, ராட்டினம் தனி.

திருவிழாக் கடையைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று மறுபக்கத்திலிருந்து வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. எனக்கு அதில் குருட்டுப் பாசம் கிடையாது. ஒரு திருவிழாவில் குடித்த சர்பத்தால் மூன்று நாள் படுத்திருக்கிறேன். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் வேண்டாத பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. தேர் நாளில் அதை யார் அளந்து பார்க்கிறார்கள்? இளஞ்சிவப்புப் பஞ்சுமிட்டாயில் துணிக்குப் போடும் ரோடமைன்-பி சாயம் இருப்பது தெரிந்து 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதைத் தடை செய்தபோது, சாயப்பட்டறைகளுக்கு நடுவே பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டவுடன் வயிறு கலங்கியது. அந்த மாசியில் கோயம்புத்தூரில் கோனியம்மன் தேரைப் பார்க்கப் போனபோது என் மகள் பஞ்சுமிட்டாயைத் தேடினாள், கண்ணில் படவில்லை. எனக்கு வருத்தமும் இல்லை. எண்ணெயின் நிறத்தைப் பார்த்துவிட்டுக் கடையைத் தேர்ந்தெடுப்பதும் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றுவதில் சேர்ந்ததுதான்.

ஆகவே, உங்களை அழைத்திருக்கிறார்கள் என்றால் போய்விட்டு வாருங்கள். மதியம் அரை வயிற்றோடு நிறுத்துங்கள், போவதற்கு முன் ஒரு மணி நேரம் நடங்கள், தெரியாததைப் பரிமாறுபவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டால் அவர்களுக்கு மகிழ்ச்சிதான். ரசீதில் சேவைக் கட்டணம் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், இப்போது தீர்ப்பு உங்கள் பக்கம். அழைத்தவர்கள் பெண் வீட்டாராக இருந்தால் மட்டும் அதைச் சொல்லாதீர்கள், ரசீது உங்கள் கைக்கு வராது. ரொட்டி வரும், வெண்ணெயோடு வரும், சூடாகவும் இருக்கும். ஒன்றோடு கையை எடுத்துவிடுங்கள்.