புது விண்டோ திறந்ததும் ஃபயர்பாக்ஸ் உறைந்து போனால்

வணக்கம். புளியரையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகவும், பட்டா நகலைத் திறக்க புது விண்டோ வந்ததுமே ஃபயர்பாக்ஸ் பிரவுசர் உறைந்துவிடுவதாகவும், நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் தீரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படித் தீராதுங்க. மென்பொருளை நீக்கினாலும் உங்கள் புரொஃபைல், அதாவது உங்கள் செட்டிங்ஸும் புக்மார்க்கும் இருக்கும் ஃபோல்டர், கணினியிலேயே தங்கிவிடும். கோளாறு அதில் இருந்தால் கூடவே திரும்பி வரும்.

ஃபயர்பாக்ஸை முழுதாக மூடுங்கள். ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே மறுபடி திறந்தால், டிரபிள்ஷூட் மோடில் (கோளாறு கண்டுபிடிக்கும் முறையில்) திறக்கவா என்று கேட்கும். சரி சொல்லுங்கள். அதில் எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் கூடுதலாகப் போட்ட சின்ன மென்பொருள்கள்), தீம், ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் (திரையில் வரைகிற வேலையை கிராஃபிக்ஸ் கார்டிடம் விடுவது) எல்லாம் ஓய்ந்திருக்கும். அங்கே புது விண்டோ ஒழுங்காகத் திறந்தால், கோளாறு பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான்; பாதி வேலை முடிந்தது.

நான் மலைக்கு இந்தப் பக்கம், ஆரியங்காவில் இருக்கிறேன். எங்கள் கடையிலும் இதே கதைதான். மவுஸ் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், விண்டோ வெள்ளையாக நிற்கும், எதிரே கரண்ட் பில் கட்ட வந்தவர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் பார்த்தால், மலையாளம் தட்டச்சு செய்யப் போட்ட ஒரு பழைய எக்ஸ்டென்ஷன்! பாதியை அணைத்துச் சோதித்து, அப்புறம் மீதியில் பாதி என்று போனால் சீக்கிரம் சிக்கும்.

எக்ஸ்டென்ஷன் இல்லையென்றால், செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை அணையுங்கள். பழைய கிராஃபிக்ஸ் டிரைவர் உள்ள கணினிகளில் இது பெரும்பாலும் கைகொடுக்கும்.

எதுவும் பலிக்காவிட்டால், ஃபயர்பாக்ஸைப் புதிது போல ஆக்கும் 'ரெஃப்ரெஷ் ஃபயர்பாக்ஸ்'. புக்மார்க்கும் பாஸ்வேர்டும் தங்கும், எக்ஸ்டென்ஷன்கள் போய்விடும். டிரபிள்ஷூட் மோடில் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.