தாத்தா பெட்டியில் மேசன் சான்றிதழ்: தரகரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். போத்தனூர் ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு தோல் ஏப்ரனும் ஃப்ரீமேசன் (சடங்குகளோடு கூடும் பழைய சகோதரச் சங்கம்) சான்றிதழும் கிடைத்தன. அதில் ஆண்டு 5927 என்று இருக்கிறது. மேசன் நூலகங்களுக்குள் வெளியாட்கள் போக முடியாதாம். ₹30,000 கொடுத்தால் லண்டனிலிருந்து தாத்தாவின் பதிவை எடுத்துத் தருவதாகக் கோவையில் ஒருவர் சொல்கிறார். அசல் சான்றிதழையும் கேட்கிறார். மகளுக்கு இதில் ஆய்வு செய்ய ஆசை. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணத்தையும் சரி, சான்றிதழையும் சரி. அசல் கைமாறினால் திரும்பி வராது. பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு வரும் மேசன் பொருட்களில் பல இப்படிக் குடும்பங்களிடமிருந்து வாங்கிப் போனவைதான்.

வெளியாட்கள் போக முடியாது என்பது சுத்தப் பொய். லண்டன் கிரேட் குயின் தெரு ஃப்ரீமேசன்ஸ் ஹாலில் உள்ள நூலகம் 1837இல் தொடங்கியது. மேசன் அல்லாதவர்களும் அங்கே படிக்கலாம், மின்னஞ்சலில் விசாரிக்கலாம். தேடித் தரக் கட்டணம் உண்டா என்பதை அவர்களிடமே கேளுங்கள். நடுவில் ஆள் எதற்கு?

அந்த 5927ஐக் காட்டி ‘ஆறாயிரம் வருஷ ரகசியம்’ என்று விலை ஏற்றுவார்கள். நம் ஆண்டோடு 4000 கூட்டி எழுதுவது மேசன் வழக்கம். உங்கள் தாத்தா சேர்ந்தது 1927 வாக்கில், அவ்வளவுதான்.

சான்றிதழில் லாட்ஜின், அதாவது தாத்தா சேர்ந்திருந்த மேசன் கிளைச் சங்கத்தின், பெயரும் எண்ணும் இருக்கும். ஜான் லேன் என்பவர் 1886இல் அச்சிட்ட லாட்ஜ் பட்டியல் இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. லாட்ஜ் எப்போது, எங்கே நடந்தது என்று அதில் பார்க்கலாம். ஆள் பெயர் இருக்காது. உறுப்பினர் பதிவேடுகள் 1751 முதல் 1921 வரைக்கும்தான் ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் உள்ளன. தாத்தா அதற்குப் பிந்தியவர் என்பதால் நூலகத்துக்கே எழுத வேண்டும். பதிவு கிடைத்தால் வயது, தொழில், ஊர், சேர்ந்த தேதி தெரியவரும்.

ஒன்றை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சான்றிதழின் தலைப்பில் இருப்பது இங்கிலாந்தா, ஸ்காட்லாந்தா? அன்றைய இந்தியாவில் இரண்டு நாட்டு லாட்ஜ்களும் இருந்தன. ஸ்காட்லாந்து என்றால் லேன் பட்டியலில் தேடிப் பயனில்லை, எடின்பரோவில் உள்ள தலைமைச் சங்கமான கிராண்ட் லாட்ஜுக்குத்தான் எழுத வேண்டும். ஒரே எண் இரண்டு நாட்டுப் பட்டியலிலும் இருக்கும், ஆனால் லாட்ஜ் வேறு. லாட்ஜ் பெயருக்குப் பின்னால் ஈ.சி. என்று இருந்தால் இங்கிலாந்து, எஸ்.சி. என்றால் ஸ்காட்லாந்து. இதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்துத் தேடிய ஆட்கள் வேறொரு லாட்ஜின் வரலாற்றை அச்சடித்துக் கொடுத்துக் காசு வாங்கியிருக்கிறார்கள். முத்திரையையும் ஒருமுறை பாருங்கள்.

உங்கள் மகளுக்கு: 1723இல் ஆண்டர்சன் என்பவர் மேசன்களுக்காக எழுதிய சட்டநூலை ‘அரிய ரகசியப் பிரதி’ என்று ஜெராக்ஸ் போட்டு விற்கிறார்கள். இணையத்தில் இலவசமாக இருக்கிறது. ஆதாமிலிருந்து தொடங்கும் அதன் வரலாற்றை அப்படியே நம்பி ஆய்வில் எழுதிவிட வேண்டாம். அந்த மாதிரிக் கதைகளை விட்டு ஆவணத்தைப் பார்த்து எழுதவேண்டும் என்றே 1884இல் அனுமதி பெற்று, 1886இல் குவாட்டுவர் கொரோனாட்டி என்ற ஆய்வு லாட்ஜ் லண்டனில் இயங்கத் தொடங்கியது. அதன் ஆண்டுத் தொகுதிகளிலிருந்து படிக்கத் தொடங்கட்டும்.

உங்கள் கொழிஞ்சாம்பாறை அன்று கொச்சி சமஸ்தானத்தில் இருந்தாலும், தாத்தா வேலை பார்த்த போத்தனூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. எனவே உள்ளூர்ச் சான்றுகளைத் திருவனந்தபுரத்தில் தேடி அலையாமல், எழும்பூரில் ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் முதலில் பார்க்கட்டும். வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதம் கையில் இருக்கட்டும். நம் ஊரில் ஒரு பழைய கட்டைப் புரட்ட எத்தனை கடிதம், எத்தனை கையெழுத்து! நம்மூர் லாட்ஜ்களிலும் நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. அலமாரிச் சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். அதற்குள் கரையான் தின்றுவிடுகிறது. எனக்கு ஆற்றாமை இதில்தான்.

தாத்தா மேசன் என்பதால் பேரன் உறுப்பினராகிவிட முடியும் என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். அது வாரிசுச் சொத்து அல்ல.

சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். ஓரத்தில் தாத்தாவின் கையெழுத்து இருக்கும். அது தெளிவாகத் தெரிய இருபுறமும் படம் எடுத்து, லாட்ஜ் பெயர், எண், தாத்தாவின் முழுப்பெயர், அன்றைய வேலை ஆகியவற்றோடு லண்டன் நூலகத்துக்கோ, ஸ்காட்லாந்து என்றால் எடின்பரோவுக்கோ மின்னஞ்சலில் அனுப்புங்கள். பெயரை ஆங்கிலத்தில் அவர் எப்படி எழுதினாரோ அதே எழுத்தில் கொடுங்கள்.