ஓல்கீ பயணம்: வெள்ளி மாலை சென்றடைந்தால் போதுமா?

வணக்கம். அக்டோபரில் வெள்ளி மாலை மேற்கு மங்கோலியாவின் ஓல்கீ நகரை அடைந்து, சனிக்கிழமை கழுகுத் திருவிழாவைக் கண்டு, மறுநாளே அல்தாய் தவன் பொக்த் தேசியப் பூங்காவுக்குப் புறப்படலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்றே சொல்வேன். அப்பூங்கா சீன, ரஷ்ய எல்லைகளை ஒட்டியிருப்பதால் எல்லைப் பகுதி அனுமதிச் சீட்டு கட்டாயம். அதை வார நாளிலேயே வாங்கிவிடுவது நல்லது என்பதால், புதன்கிழமையே சென்றுவிடுங்கள். ஓல்கீயின் கடிகாரம் நாட்டின் தலைநகர் உலான்பாத்தரைவிட 1 மணி நேரம் பின்தங்கியது என்பதையும் விமான நேரம் பார்க்கும்போது நினைவில் வையுங்கள்.

மிஞ்சும் நாளைச் சந்தையில் கழியுங்கள். மங்கோலியாவில் கசாக்கியர் பெரும்பான்மையாக வாழும் ஒரே மாகாணத்தின் தலைநகர் ஓல்கீ. உரியன்காய், துவா மக்களும் அம்மாகாணத்தில் வாழ்கின்றனர். ஆகவே கசாக்கியக் கடைக்காரரிடம் மங்கோலிய மொழியின் 'பயர்லலா'வைவிட, அவர் தாய்மொழியில் 'ரஹ்மெத்' என்று நன்றி சொல்லுங்கள். முகம் மலர்வதைக் காண்பீர்கள். கூடாரத்தில் உப்பிட்ட பால் தேநீர் தந்தால், மறுக்காமல் ஒரு வாயாவது அருந்துங்கள்.